ஸ்டெப்னி மாமன்

ஊமைக்கரடு ஆயிரத்து நானூறு அடி உயரம் என்று கேள்விப்பட்டபோது சின்னராஜ் சிரித்துவிட்டார். கிண்டல் சிரிப்பு இல்லை. அந்த மலையின் மேல் உண்மையாகவே இரக்கப்பட்டுச் சிரித்த சிரிப்பு.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்துப் பிழைக்கிறவருக்கு அடி என்றால் பூமிக்குள் இறங்குகிற அடிதான். மேலே போகிற அடி என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில் இல்லை. ஆயிரத்து நானூறு அடியை அவருடைய வண்டி எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறது. சாயங்காலம் கம்ப்ரெஸரை முடுக்கினால் விடிவதற்குள் துளை போடுகிற ராடு அந்த ஆழத்தைத் தொட்டுவிட்டு, இன்னும் போகலாமா என்று கேட்கும்.

“நம்ம ஒரு ராத்திரி வேலைக்குக் காணாது,” என்றார் மனைவி சாரதாமணியிடம்.

சாரதாமணி தினமும் விடியற்காலையில் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவிட்டு வருகிறவள். அவள் வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்: “எறங்குனது ராடுங்க. நீங்க பக்கத்துல கட்டலப் போட்டுத் தூங்குனீங்க.”

பேச்சு எப்படி மலைக்குப் போனது என்றால், தங்கை ரஞ்சிதாவின் போன்தான் காரணம். அவளுடைய மகள் யாழினிக்கு மூன்றாவது வயது நடக்கிறது. நாமகிரிப்பேட்டைக்கு அந்தப்பக்கம் ஊமைக்கரட்டின் உச்சியில் இருக்கிற கருப்பணார்தான் அவள் புகுந்த வீட்டுக்குக் குலசாமி. அங்கே வெள்ளிக்கிழமை காது குத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். அந்த மடி சின்னராஜினுடையது.

“வருவீங்களாண்ணா?” என்று கேட்டாள் ரஞ்சிதா. கேட்டதிலேயே பாதி நம்பிக்கையின்மை இருந்தது.

“என்ன அம்முணி இப்பிடிக் கேக்கறே. வாரேன்.”

“இல்லீங்ணா, பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். அதுக்குள்ள மேல வந்தாகோணும். வரலீன்னா…” அவள் கொஞ்சம் தயங்கினாள். “அவிய சொல்றாங்க, தனசேகரண்ணன் மடியில உக்கார வெச்சுக் குத்திரலாம்னு. அவருக்கும் சொல்லி வெச்சிருக்கறாங்க.”

தனசேகர் அவர்களுடைய சித்தப்பா மகன். அயோத்தியாப்பட்டணத்தில் ஜிம் வைத்திருக்கிறான். முறைக்கு அவனும் மாமன்தான், மடியும் இருக்கிறது. சின்னராஜ் போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னதும் சாரதாமணி வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“ஸ்டெப்னி மாமன் ரெடியா வெச்சிருக்கறாங்களா,” என்றாள். “வண்டியோட்டறவிய ஊட்ல பொண்ணெடுத்தவியதான. பஞ்சரானா மாத்திக்கோணுமில்ல.”

குமரகுருவைக் குறை சொல்லவும் வழியில்லை. ரஞ்சிதாவின் புருஷன் அவர், வெண்ணந்தூர்ப் பக்கம் மரவள்ளி போடுகிற விவசாயி. இரண்டு வருடத்துக்கு முன்னால் கிணறு வற்றியபோது, மச்சான் கையாலேயே போர் போடலாம் என்று ஆசையாகக் கூப்பிட்டார். மரவள்ளிக் காட்டின் கிழக்கு மூலையில் ஓரிடத்தைக் காலால் கீறிக் காட்டி, இங்கே போடுங்கள் என்றார். அந்த மூலைக்கு வண்டியை ரிவர்ஸ் எடுப்பது கஷ்டம். சின்னராஜ் மேற்கே ரோட்டோரம் ஓரிடத்தைப் பார்த்து, “எனக்குத் தெரியாத தண்ணியா மாப்ள,” என்று சொல்லி அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டார். ராடு இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசி வரை சொட்டுத் தண்ணீர் இல்லை, வெள்ளைப் புகைதான். உறவுக்காரர்கள் தலையெல்லாம் கல்மாவு படிந்து, பார்க்க எல்லோருக்கும் ஒரே நாளில் நரைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்புறம் குமரகுரு வேறு வண்டி பிடித்து, தான் கீறிய இடத்திலேயே போட்டார். தண்ணீர் பனைமர உயரத்துக்கு அடித்தது. அதை யாரோ வீடியோ எடுத்து உறவினர் குழுவில் போட்டார்கள். சின்னராஜும் அதற்கு ஒரு கைகூப்பும் படம் போட்டார். அன்றிலிருந்து குமரகுரு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. விசேஷங்களில் எதிரே வந்தால் அவருடைய தலைக்கு மேலே எதையோ பார்த்தபடி போய்விடுவார். ரஞ்சிதாதான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் போனும் கையுமாகக் கிடந்தாள்.

ஆகவே அந்த மடி சின்னராஜுக்கு மடி மட்டும் அல்ல.

வெள்ளிக்கிழமை அதிகாலையில் கிளம்பினார்கள். சீர்த்தட்டுகளை உறவுக்காரர்கள் முதல்நாளே ஏற்றிப் போய்விட்டார்கள். சின்னராஜ் கஞ்சி போட்ட எட்டு முழ வேட்டி, வெள்ளைச் சட்டை, புதுத் தோல் செருப்பு என்று மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ராசிபுரம் வந்ததும் காரை ஓரங்கட்டினார். மலை ஏறுகிறவன் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்பது அவர் கட்சி. பொங்கல், வடை, அதற்குமேல் ஒரு நெய் ரோஸ்ட். சாரதாமணி இரண்டு இட்லியோடு எழுந்துகொண்டாள்.

“மணி ஆவுதுங்க.”

“காருதான போவுது. என்ன அவசரம்.”

கார் மலைமேல் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சாமி இருக்கிற இடத்துக்கு ரோடு இருக்கும், ரோடு இருக்கிற இடத்துக்குக் கார் போகும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டதுதான். அடிவாரத்தில் ஒரு புளியமரத்தோடு தார் ரோடு முடிந்தது. அதற்கப்பால் ஆடு போகிற அளவுக்கு ஒரு தடம், பாறைகளுக்கு நடுவே வளைந்து மேலே போய் மறைந்தது. நிமிர்ந்து பார்த்தார். உச்சியில் ஒரு சிவப்புக் கொடி தீக்குச்சி அளவில் ஆடியது.

ஒரு விஷயம் அப்போதுதான் அவர் மண்டையில் உறைத்தது. ராடு நேராக இறங்கும். மலை சுற்றிச் சுற்றி ஏறும்.

சீரில் ஏதாவது ஒன்றை மாமனே சுமந்துகொண்டு வந்து வைக்க வேண்டும் என்பது குமரகுரு வீட்டு வழக்கம். அதற்காகவே காரின் பின்னால் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று, கம்மல் வைத்த சின்னப் பை. இன்னொன்று, மோகனூரிலிருந்து வரவழைத்த பூவன் தார். காய் தெரியாமல் பழுத்து, இடுப்பு உயரத்துக்கு இருந்தது.

“பைய நீங்க எடுத்துக்கங்க. அதும் சீருதான்,” என்றாள் சாரதாமணி.

“மாமன் சுமக்கறது கண்ணுக்குத் தெரியோணும்.” தாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “ஒரு போட்டோ எடு.”

அந்தப் போட்டோவில் இருக்கிற மனிதரை அன்றைக்கு அதற்குப்பிறகு யாரும் பார்க்கவில்லை.

முதல் வளைவு வரை பேசிக்கொண்டே ஏறினார். இரண்டாம் வளைவில் பேச்சு நின்றது. மூன்றாம் வளைவில் நெய் ரோஸ்ட் தன் கருத்தைச் சொல்ல ஆரம்பித்தது. புதுச் செருப்பின் அடி பாறையில் வழுக்கியது. கஞ்சி போட்ட வேட்டி முட்டிக்கு முட்டி அட்டை மாதிரி இடித்தது. சாரதாமணி தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு முன்னால் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று காத்திருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை என்பதாலேயே அவருக்கு இன்னும் அதிகமாக மூச்சு வாங்கியது.

மேலேயிருந்து பொங்கல் வைத்துவிட்டு வேறொரு குடும்பம் இறங்கி வந்தது.

“ஏனுங்க, இன்னும் எத்தன தூரமுங்க?”

“இதா, சித்தெ தூரந்தானுங்க. அந்தப் பாறைக்கு அக்கட்ட.”

கொஞ்ச தூரம்தான் என்றதும் மகிழ்ந்துபோய் அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பழம் பிய்த்துக் கொடுத்தார். அந்தப் பாறைக்கு அந்தப்பக்கம் இன்னொரு பாறை இருந்தது. அங்கே இறங்கி வந்த ஒரு அம்மாளும் சித்தெ தூரம் என்றார். அவருக்கும் பழம். அதற்கு மேலே வந்தவர்களுக்கும் சித்தெ தூரந்தான். அந்த மலையில் தூரம் என்பதற்கு வேறு அளவே கிடையாது போலிருந்தது. பழம் கொடுத்தது தர்மத்துக்காக மட்டும் இல்லை என்பது சாரதாமணிக்குத் தெரிந்துவிட்டது.

“பாரத்தக் கொறைக்கறீங்களா, புண்ணியத்தச் சேக்கறீங்களா?”

“ரெண்டுந்தான்,” என்று சொல்ல நினைத்தார். ‘ரெ’ வரைக்கும் வந்தது.

பாதி மலை இருக்கும். ஒரு வேலமர நிழலில் தாரை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எழுந்திருக்கிற யோசனையே உடம்பில் எங்கும் இல்லை. ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. கெண்டைக்கால் சதை தானாக ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போனது. கீழே கார் ஒரு நெல் அளவுக்குத் தெரிந்தது. மேலே கொடி அதே தீக்குச்சியாகத்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஒருவன் குதித்துக் குதித்து இறங்கி வந்தான். தனசேகர். சட்டையில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

“வந்துட்டீங்களாண்ணா. குமரகுரு மாமன் போயிப் பாத்துட்டு வான்னாங்க. ஆசாரியும் வந்தாச்சு. அல்லாரும் உக்காந்திருக்கறாங்க.” கடிகாரத்தைப் பார்த்தான். “ஏறுவீங்களா?”

“சித்தெ… தூரந்தான…”

“யார்ணா சொன்னது. இனிமேத்தான் நெட்டுக்குத்துப் பாறையே இருக்குது.” அவன் குரலில் ஒரு பொல்லாப்பும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “ஒண்ணு பண்ணலாங்ணா. நீங்க இங்கயே இருங்க. கம்மலக் குடுத்தீங்கன்னா நான் எடுத்துட்டுப் போயி, மடியக் குடுத்துட்டு வந்தர்றேன். எறங்கும்போது ஒண்ணாப் போலாம்.”

சாரதாமணி கையில் பையோடு புருஷனைப் பார்த்தபடி நின்றாள்.

சின்னராஜ் அறுந்த வாரைச் செருப்பில் நுழைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. அவன் சொல்வதில் தப்பில்லை. காது எப்படியும் குத்திவிடுவார்கள், கம்மல் எப்படியும் மின்னும். அடுத்த விசேஷத்திலும் குமரகுரு அவர் தலைக்கு மேலே எதையோ பார்த்தபடி போவார். ரஞ்சிதா மறுநாள் போனில், பரவால்லீங்ணா, தூரந்தானே, என்பாள். அவள் அப்படித்தான் சொல்வாள். புகை மட்டும் வந்த அன்றைக்கும் அவள்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து, பரவால்லீங்ணா, என்று சொல்லித் துண்டை நனைத்துக் கொடுத்தாள்.

“கம்மலு போவும்,” என்றார். “மடிய எப்பிடிடா குடுத்தனுப்பறது?”

செருப்பு இரண்டையும் கழற்றி வேலமரத்தடியில் விட்டார். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினார். தனசேகர் தாரைத் தூக்கக் குனிந்தான், அவர் தட்டிவிட்டார். துண்டால் தாரை முதுகோடு சேர்த்துக் கட்டச் சொல்லி சாரதாமணிக்குத் திரும்பி நின்றார். அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: “மூச்ச மூக்குல வாங்குங்க. வாயில வாங்காதீங்க.”

வேலையில் சேரும் புதுப் பையன்களுக்கு அவரே சொல்வது உண்டு. இன்னும் எத்தனை அடி என்று எட்டிப் பார்க்காதே, இப்போது இறங்குகிற ராடை மட்டும் பார். அது இறங்கியதும் அடுத்ததை மாட்டு. சொல்கிறபோது சுலபமாக இருந்த பேச்சு. இப்போது அதைத் தனக்கே சொல்லிக்கொண்டார். கொடியைப் பார்க்கவில்லை. பத்துப் பதினைந்து எட்டில் ஒரு கல்லைக் குறி வைத்தார். அதுதான் ராடு. அங்கே போய் நின்றார். மூச்சு வாங்கினார். அடுத்த கல். அடுத்த ராடு. நடுவில் எத்தனை ராடு போனது என்ற கணக்கும் போய்விட்டது.

“இது சித்தெ தூரமில்லீங்க,” என்றாள் பின்னாலேயே வந்த சாரதாமணி. “ரொம்பத் தூரந்தான். மெதுவாப் போங்க.” தனசேகரை விட்டால் அன்றைக்கு அந்த மலையில் அவருக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பதில் அது. ஏனோ அதைக் கேட்டதும் காலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

நெட்டுக்குத்துப் பாறையில் காலுக்குப் பள்ளம் வெட்டி, பக்கத்தில் சங்கிலி கட்டியிருந்தார்கள். அவர் சங்கிலியை நம்பவில்லை. நான்கு காலில் ஏறினார். திருச்செங்கோட்டில் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் வைக்கிற மனிதர், முதுகில் வாழைத்தாரோடு ஒரு பெரிய ஆமை மாதிரி பாறையில் ஒட்டிக்கொண்டு போனார். பாதியில் முதுகு சட்டென்று லேசானது. ஆஹா, உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தார்.

“அசையாதீங்ணா,” என்றான் தனசேகர் கீழேயிருந்து. “கொரங்கு.”

ஒன்றல்ல, ஒரு குடும்பமே இருந்தது. ஒன்று அவர் தோளில் கை ஊன்றி நின்றுகொண்டு பிய்த்தது, மற்றவை வாங்கிக்கொண்டன. கையை எடுத்து விரட்டினால் விழ வேண்டியதுதான். சின்னராஜ் பாறையில் கன்னத்தை வைத்துப் படுத்தபடி, “தின்னுங்க சாமி, வெசையாத் தின்னுங்க,” என்றார். “மணியாவுது.”

உச்சியில் மணிச்சத்தம் கேட்டது. பாறையின் விளிம்பில் முதலில் வாழைத்தாரின் மொட்டைத் தண்டு தெரிந்தது, பிறகு சின்னராஜின் தலை தெரிந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த உறவு முழுவதும் திரும்பிப் பார்த்தது. வேட்டியில் செம்மண், சட்டையில் குரங்குக் கைத்தடம், வெறுங்கால். முதுகிலிருந்து துண்டை அவிழ்த்தபோது தண்டின் அடியில் ஒரே ஒரு சீப்பு மிச்சமிருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சீர்த்தட்டுக்கு நடுவில் வைத்தார்.

ரஞ்சிதா சிரிக்கவில்லை. ஓடிவந்து ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். “வந்துட்டீங்ளாண்ணா,” என்றாள். குமரகுரு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல அவர் தலைக்கு மேலே பார்த்தார்.

“நேரமில்லீங்க, உக்காருங்க,” என்றார் ஆசாரி காளிதாஸ், ஊசியைத் துடைத்துக்கொண்டே.

மனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். யாழினியைத் தூக்கி மடியில் வைத்தார்கள். பட்டுப்பாவாடையும் தலை நிறையப் பூவுமாக அவள் மாமனை அண்ணாந்து பார்த்தாள். ஆசாரி அவள் காதுமடலைப் பிடித்து ஊசியை நெருக்கினார். நிறுத்தினார். மறுபடி நெருக்கினார். மறுபடி நிறுத்தினார்.

“மாமா,” என்றாள் யாழினி. “ஏன் ஆட்டறீங்க?”

அவர் ஆட்டவில்லை. தொடைகள் இரண்டும் தாமாக ஆடின. கம்ப்ரெஸர் ஓடுகிறபோது வண்டி அதிருகிற மாதிரி ஒரே சீராக அதிர்ந்தன. குழந்தையின் தலையிலிருந்த பூச்சரம் கூடச் சேர்ந்து நடுங்கியது. பல்லைக் கடித்தார். மூச்சை அடக்கினார். அடக்க அடக்க அதிகமானது.

“இந்த மடியில குத்துனா எனக்குப் பொறுப்பில்லீங்க,” என்றார் காளிதாஸ். “காதுக்கு வெச்சது கன்னத்துல போயிரும்.”

பந்தலில் யாரோ சிரித்தார்கள். யாரோ மணி பார்த்தார்கள். “மடிய மாத்துங்கப்பா, ராகுகாலம் வருது,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். தனசேகர் சங்கடத்தோடு துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் என்ன செய்வான், அவனைக் கூப்பிட்டதே இதற்குத்தான்.

“மாத்தாதீங்க,” என்றார் சின்னராஜ். குரலும் ஆடியது. குழந்தையைப் பிடித்திருந்த கையை எடுத்துத் தொடையை அழுத்தினார். தலையைப் பிடிக்க ஆளில்லாமல் குழந்தை திரும்பியது. சாரதாமணி சட்டென்று மண்டியிட்டு ஒரு முட்டியை அழுத்திப் பிடித்தாள். அந்த முட்டி அடங்கியது. அடுத்த முட்டி, அவள் பங்கையும் சேர்த்து ஆடியது.

“தனி ஆளால ஆவாதுங்க,” என்றாள் அவள், பொதுவாக.

ரஞ்சிதா புருஷனைப் பார்த்தாள்.

குமரகுரு பந்தல் காலை விட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சாரதாமணியை நகரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, சின்னராஜுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு முட்டிகளிலும் வைத்து, நிலத்தில் கழி ஊன்றுகிற மாதிரி அழுத்தினார். தலைக்கு மேலே பார்க்க இடமில்லை. முகத்துக்கு நேரே முகம்.

“ஆட்டாதீங்க மச்சான்,” என்றார்.

இரண்டு வருடத்தில் முதல் பேச்சு.

ஆசாரியின் கை ஒருமுறை முன்னால் போய் வந்தது. யாழினி வீறிட்டாள். அவளுக்கு முன்னாலேயே சின்னராஜ் அழ ஆரம்பித்திருந்தார். சத்தமில்லை, கன்னத்துச் செம்மண்ணில் இரண்டு கோடு இறங்கியது. குமரகுரு அதைப் பார்த்தார். உதடு கொஞ்சம் கோணியது.

“பரவால்ல,” என்றார் ரஞ்சிதாவைத் திரும்பிப் பார்த்து. “உங்கண்ணங்கிட்ட இப்பத்தான் தண்ணி வருது.”

பந்தல் முழுக்கச் சிரித்தது. சின்னராஜும் சிரித்தார், சிரித்ததில் மடி குலுங்கியது. காளிதாஸ் ஊசியைத் தூக்கிக்கொண்டு, “இன்னொரு காது இருக்குதுங்க, சிரிப்பெல்லாம் அப்பறம்,” என்று அதட்டினார். குமரகுரு இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, மறுபடி அழுத்தினார்.

இரண்டாவது காதும் ஆயிற்று. கம்மல் ஏறியது. குழந்தை வாயில் ரஞ்சிதா சர்க்கரை வைத்தாள். யாரோ தட்டில் மிச்சமிருந்த அந்த ஒரு சீப்பிலிருந்து ஒரு பழத்தை உரித்து அவள் கையில் கொடுக்க, அழுகை பாதியில் நின்றது.

“முடிஞ்சுதுங்க. கைய எடுத்துக்கலாம்,” என்றார் காளிதாஸ்.

குமரகுரு முட்டியைப் பார்த்தார். “இன்னும் ஆடுதே,” என்றார். கையை எடுக்கவில்லை.

சாரதாமணி புருஷனைக் கடைக்கண்ணால் பார்த்தாள். அவளுக்குத் தெரியாததா. தொடை அடங்கிக் கொஞ்ச நேரமாகியிருந்தது. சின்னராஜ்தான் ஒன்றும் அறியாத முகத்தோடு, யாருக்கும் தெரியாமல், லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார்.